ஜானி பாஷாவும் ஹஃப்சா ஆப்பும்

செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. எதிரே ஆட்டோ ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டில் ஒல்லியாக, தாடி பாதி நரைத்து, சவாரி இல்லாத நேரமெல்லாம் வண்டியைத் துடைத்துக்கொண்டே நிற்கும் ஒருவரை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்தான் ஜானி பாஷா. எல்லோருக்கும் பாய். அதிகம் பேச மாட்டார். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது மற்ற டிரைவர்கள் மலையைப் பற்றி வாய் ஓயாமல் விளக்கம் சொல்வார்கள். இவர் சொல்ல மாட்டார். "மலை அங்கதான இருக்குது, அவங்களே பாத்துக்குவாங்க" என்பார்.

அந்த மனிதர் சில வருஷம் நாள் முழுக்கப் பேசினார். எல்லாம் மகளுக்காக.

பாஷாவுக்குத் தாய்மாமன் மகள் அஜ்மத் பேகத்தைக் கட்டி வைத்தார்கள். மூத்த பையன் ஃபைசானுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாவதாகப் பிறந்த ஹஃப்சா, தவழ ஆரம்பிப்பதற்குள் வெளுத்துப் போனாள். டாக்டர் தலசீமியா என்றார். உடம்பு தானாக நல்ல ரத்தம் உண்டாக்காது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். "எத்தனை வருஷத்துக்குங்க?" என்று பாஷா கேட்டார். டாக்டர் அடுத்து வர வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார்.

அதிலும் அவளுக்கு பி நெகட்டிவ். ரத்த வங்கியில் அது இருக்கிற நாளைவிட இல்லாத நாள் ஜாஸ்தி. இல்லாத நாளில் பாஷா ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, போனில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வாட்ஸ்ஆப்பில் யாராவது செய்தி போட்டுவிடுவார்கள். ரத்தம் ஏற்றி ஹஃப்சா வீட்டுக்கு வந்து பல மாதம் ஆன பிறகும், "அவசரம், குழந்தைக்கு ரத்தம் தேவை" என்ற அதே செய்தியைப் பார்த்துவிட்டு யாராவது கூப்பிடுவார்கள். தேவைப்படும்போது கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் கஸ்தூரி அக்காவின் டீக்கடை. பாஷாவுக்கு அங்கேதான் வழக்கமாக டீ. கஸ்தூரியின் கணவர் சக்கரபாணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பைக்கில் போகும்போது லாரி தட்டி, ரத்தம் கிடைக்கத் தாமதமாகி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மகள் தேவிப்ரியா அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். அப்பாவின் காரியம் முடிந்து காலேஜுக்குத் திரும்பியவள், கூடப் படித்த இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஆப் செய்தாள். ரத்தம் கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் அதில் தங்கள் பிரிவைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாருக்காவது தேவை வந்தால், பக்கத்தில் இருக்கிற அந்தப் பிரிவுக்காரர்களின் போன் மட்டும் அடிக்கும். கிடைத்துவிட்டால் செய்தி தானாக அணைந்துவிடும். உயிர்த்துணை என்று பெயர் வைத்தாள்.

அதற்கான நோட்டீஸை என் கடையில்தான் அடித்தாள். பஸ் ஸ்டாண்டு, காலேஜ் வாசல், லாட்ஜ் வரவேற்பு மேசை என்று எல்லா இடத்திலும் ஒட்டினாள். ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டாள். சேர்ந்தது அவளுடைய வகுப்புப் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும்தான். விளம்பரம் பார்த்து வந்தவர்கள் ஒரு வாரத்தில் அழித்துவிட்டுப் போனார்கள்.

"அண்ணா, நல்லாதான செஞ்சிருக்கேன், ஏன் யாரும் வெச்சிக்க மாட்டேங்கறாங்க?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்.

கஸ்தூரிதான் பாஷாவிடம் அதைப் பற்றிச் சொன்னார். பாஷா போனில் போட்டுக்கொண்டார். திறந்து பார்த்தால் பி நெகட்டிவ் ஒருவர்கூட இல்லை. அன்றைக்கே சவாரி வருகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தார். "சார், ரத்தம் குடுக்கறதுக்கு ஒரு ஆப் இருக்குது, போட்டுக்கறீங்களா?"

"என்ன பாய், காலங்காத்தால எனக்கு ஆப்பு வெக்கறீங்க?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்கள். சிலர் பயந்தார்கள். ரத்தம் என்ற வார்த்தையே ஓடுகிற ஆட்டோவில் கேட்கிற வார்த்தை இல்லை. சீட்டுக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டினார். அதை யாரும் படிக்கவில்லை.

ஒருநாள் ஆசிரமத்துக்கு வந்த ஒரு அம்மா, கண்ணாடியோரம் செருகியிருந்த போட்டோவைப் பார்த்து, "உங்க பொண்ணா? துறுதுறுன்னு இருக்காளே" என்றார். பாஷா வேறு எதுவும் கேட்காமல் ஹஃப்சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார். ரத்தம் ஏற்றுவதற்கு முந்தின நாட்களில் மாடிப்படி ஏற மூச்சு வாங்குவாள். ஏற்றிய மறுநாள் தெருவில் பையன்களோடு கிரிக்கெட் ஆடி ஜன்னலை உடைப்பாள். போன தடவை கொடுத்தவர் செங்கம் பக்கத்துப் பால் வண்டிக்காரர், கறவை முடித்த கையோடு வந்தார். இவ்வளவுதான் சொன்னார். இறங்கும்போது அந்த அம்மாவே, "நானும் சேர்றதுக்கு வழி இருக்கா?" என்று கேட்டார்.

பாஷாவுக்கு அன்றைக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவே இல்லை. மகளைப் பற்றிச் சொன்னார், கொடுத்தவர்களைப் பற்றிச் சொன்னார், அதோடு விட்டுவிட்டார். கேட்கிறவர்கள் தாங்களே போனை எடுத்தார்கள். சிக்னலில் நிற்கும்போது எப்படிப் போடுவது என்று அவர் காட்டிக்கொடுத்தார்.

அவரைவிட நன்றாகப் பரப்பினது ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அதற்குக் காரணம் ஹஃப்சா. ரத்தம் ஏறின மறுநாள் அப்பாவின் போனை வாங்கி, ரத்தம் கொடுத்தவரைக் கூப்பிடுவாள். "அண்ணா, நான் இன்னிக்கு ஸ்கூலுக்கு நடந்தே போனேன்" என்பாள். அந்தப் பால்காரர் பால் ஊற்றுகிற வீடெல்லாம் இதைச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் கொடுத்தபோது, வீட்டில் எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிந்தாளாம். "எனக்குள்ள போலீஸ் ரத்தம் ஓடுது, ஜாக்கிரதையா இருங்க." அந்தப் போலீஸ்காரர் இந்தக் கதையைத் தன் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லி, ஸ்டேஷனையே சேர்த்துவிட்டார். தேவிப்ரியாவும் இதைக் கவனித்தாள். அதன் பிறகு யார் ரத்தம் கொடுத்தாலும், வாங்கினவர் தேறியதும் அவருக்கு ஒரு வரி போகிற மாதிரி ஆப்பை மாற்றினாள்.

பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்தோடு அது வெளியே போனது. வேலூர், காஞ்சிபுரம், சித்தூர் என்று போனது. கஸ்தூரி தன் கடையில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். உயிர்த்துணை என்ற பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. ஹஃப்சா ஆப் என்றார்கள். "ஹஃப்சா ஆப் இருக்குதா உன்கிட்ட?" என்று என் கடையில் நின்றுகொண்டு ஒருவர் இன்னொருவரைக் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

அஜ்மத் பேகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது முன்பின் தெரியாத ஒரு பெண், "அந்த நோய்க்காரப் பொண்ணோட அம்மா நீங்கதானா? என் போன்லகூட இருக்குதே" என்று கேட்டாராம். சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டார்.

"ரத்தம் வேணும்னு கேளுங்க, வேணாங்கல. பொண்ணு பேரை ஏன் ஊர் ஊரா கூவறீங்க?" என்று கணவரிடம் கேட்டார். "நாளைக்கு அவளை யாரு கட்டுவாங்க?"

பாஷா மகளைப் பார்த்தார். அம்மா சொன்னது தப்பு என்று அவள் சொல்வாள் என நினைத்திருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஸ்கூல்ல என்னை ஆப்புன்னுதான்பா கூப்பிடறாங்க" என்றாள்.

அவளுக்கும் அந்த வருத்தம் இருந்திருக்கிறது, அவர் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து பெயரை விட்டுவிட்டார். கண்ணாடியில் இருந்த போட்டோவை எடுத்து உள்ளே வைத்தார். "ஒரு பொண்ணு இருக்கா சார், அவளுக்கு ரத்தம் ஏத்தணும்" என்று சொல்லிப் பார்த்தார். "பாவம்" என்று சொல்லிவிட்டு அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பொண்ணு என்றால் யாருக்கும் முகம் தெரியவில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் கம்மியாகிக்கொண்டே வந்தார்கள். தேவிப்ரியாவுக்கு அது தெரியும். ஆனாலும் பழையபடி சொல்லுங்கள் என்று அவள் பாஷாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

அடுத்து வந்த ஒரு பௌர்ணமி. போளூர் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் கைக்குழந்தையோடு வீட்டைத் தேடிக்கொண்டு வந்து நின்றார்கள். பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், அந்த மகளுக்கும் பி நெகட்டிவ் தேவைப்பட்டதாம். ஆப்பில் கேட்டதும் ஹஃப்சாவுக்குக் கொடுத்த போலீஸ்காரரே போய்க் கொடுத்திருக்கிறார். "எப்படி இதுல சேந்தீங்கன்னு அவரைக் கேட்டோம். அந்தப் பாப்பா பேரைச் சொன்னாரு" என்றார் தாய். குழந்தையை ஹஃப்சாவின் மடியில் வைத்தார்கள். அவள் அசையாமல், எங்கே அழுதுவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் போன பிறகு, "சொல்லிக்கோங்கப்பா. பேரோடயே சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்கூல் பக்கம் மட்டும் வேணாம்" என்றாள்.

அஜ்மத் பேகம் அடுப்படியில் இருந்தார். கேட்டுவிட்டு மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தார்.

அதன் பிறகு பி நெகட்டிவுக்கு அலைய வேண்டி வரவே இல்லை. மூன்று வாரம் ஆனால் யாராவது ஒருவர் தயாராக இருந்தார். பாஷா முகத்தில் சிரிப்பு வந்தது அந்தக் காலத்தில்தான். இனிமேல் பயமில்லை என்று அவர் நம்பினார். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் நம்பினோம்.

டாக்டர்கள் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லியிருந்தார்கள். ஏற்றுகிற ரத்தத்தோடு இரும்பும் உடம்புக்குள் போகிறது, அது வெளியே போக வழியில்லை, தினம் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் சுண்ணாம்பைக் குடிக்கிற மாதிரி இருக்கும் என்பாள் ஹஃப்சா. குடித்தால் வாந்தி. சில நாள் வாஷ்பேசினில் ஊற்றிவிடுவாள். அஜ்மத் பேகத்துக்குத் தெரியும். எல்லா நாளும் அவரால் வற்புறுத்த முடியவில்லை. ஊசி குத்திக்கொள்கிற பிள்ளையை இதற்கும் அழவைக்க வேண்டுமா என்று விட்டுவிடுவார்.

பத்தாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஹஃப்சாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. ரத்தம் ஏற்றின மறுநாள்கூட மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுத்த டாக்டர், இரும்பு இதயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார்.

அவளை அட்மிட் செய்த செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. யாரோ அவசரப்பட்டு ஆப்பில் ஹஃப்சாவுக்கு ரத்தம் வேண்டும் என்று போட்டுவிட்டார்கள். பால்காரர் வந்தார், போலீஸ்காரர் வந்தார், காலேஜ் பெண்கள் இருவர், வந்தவாசியிலிருந்து ஒரு வாத்தியார். சட்டைக் கையை மடித்துவிட்டபடி வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். பாஷா வெளியே வந்து அவர்களைப் பார்த்தார்.

"ரத்தம் வேணாங்க" என்றார். "ரத்தமெல்லாம் நிறைய இருக்குது."

சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் போனார். வந்தவர்கள் போகவில்லை. மாலை அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்வதற்குள் ஹஃப்சா போய்விட்டாள். அடக்கத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது தோள் கொடுத்தவர்களில் பாதிப்பேரை அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது.

பாஷா மறுபடி ஸ்டாண்டுக்கு வர வெகுநாள் ஆயிற்று. வந்தபோது அவர் போனில் அந்த ஆப் இல்லை. பக்கத்தில் யாருக்கோ ரத்தம் வேண்டும் என்று அது அடிக்கும்போதெல்லாம் அஜ்மத் பேகம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்று அழித்துவிட்டார். சவாரி ஏறுகிறவர்களிடம் எங்கே போகணும் என்று மட்டும் கேட்டார்.

ஆனால் கேள்வி வருவது நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மலை சுற்ற வருகிறவர்கள் ஞாபகமாக அவரைத் தேடி வந்து ஏறினார்கள். "பாய், ஹஃப்சா எப்படி இருக்கா?" முதல் தடவை ஒரு காஞ்சிபுரத்து அம்மாவிடம், "நல்லா இருக்காம்மா" என்று சொல்லிவிட்டார். அவரை இறக்கிவிட்டு நேரே என் கடைக்குத்தான் வந்தார். "ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல" என்றார். ஸ்டூலை இழுத்துப்போட்டேன். உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

சில மாதம் கழித்து சென்னையிலிருந்து வந்த ஒரு இளைஞன் பஸ் ஸ்டாண்டில் ஏறினான். மென்பொருள் வேலையில் இருக்கிறவன் போலிருக்கிறது, நல்ல பையன். பாதி வழியில் அவனாகவே பேச்சுக் கொடுத்தான்.

"அண்ணா, உங்க ஊர்ல ஹஃப்சான்னு ஒரு பொண்ணு இருக்கு, தெரியுமா?"

பாஷா கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "சொல்லுங்க" என்றார்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பால்காரரைச் சொன்னான். போலீஸ் ரத்தத்தைச் சொன்னான், சிரித்தான். ஜன்னலை உடைத்த கிரிக்கெட் பந்தைக்கூடச் சொன்னான். "அவங்க அப்பாகூட ஆட்டோதான் ஓட்டறாராம். அந்தப் பொண்ணு இப்ப டாக்டருக்குப் படிக்குது அண்ணா."

"யாரு சொன்னாங்க?"

"போன தடவை வந்தப்போ அடி அண்ணாமலையில ஒரு டீக்கடை அக்கா சொன்னாங்க. உங்க போனைக் குடுங்க, நான் போட்டுத் தரேன்."

பாஷா வண்டியை ஓரமாக நிறுத்தினார். போனை எடுத்துக் கொடுத்தார். அவன் ஆப்பை இறக்கி, பெயர் கேட்டான். ஜானி பாஷா என்று சொன்னார். அவனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. அவன் கேட்டு வந்த கதையில் அப்பாவுக்குப் பெயர் இல்லை.

அவனை இறக்கிவிட்டு நேராக அடி அண்ணாமலைக்குப் போனார். கடையில் கூட்டமில்லை. கஸ்தூரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அடக்கத்துக்கு வந்தீங்க இல்ல?" என்றார் பாஷா. "எங்க வீட்ல வந்து அழுதீங்க இல்ல? அப்புறம் ஏன்க்கா டாக்டருக்குப் படிக்கறான்னு சொல்றீங்க?"

கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டார். "முதல்ல உள்ளதைத்தான் சொன்னேன் பாய். செத்துப்போச்சுன்னு சொன்னா அச்சச்சோங்கறாங்க, டீயைக் குடிச்சிட்டுப் போயிடறாங்க. போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க. ரத்தம் குடுத்தும் போயிடுச்சா, அப்புறம் என்னத்துக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. அன்னிலேர்ந்து இப்படித்தான் சொல்றேன்."

"பொய்யிக்கா."

"பொய்தான். எங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்கு ஒருத்தர் வந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. அதுக்காகச் சொல்றேன். நீங்க வேணாம்னா நாளையிலேர்ந்து நிறுத்திடறேன்."

பாஷா வண்டியை எடுத்தார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அஜ்மத் பேகம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருக்கிறார். அவர் "டாக்டருக்கா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "என்னை அங்க ஒருநாள் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த பௌர்ணமியன்று சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனார். சாலை முழுக்க ஜனம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டோவைத் தள்ளி நிறுத்திவிட்டு, கடையின் ஓரத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கஸ்தூரி அவர்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் எதிரே சித்தூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று டீ டம்ளரோடு பாதிக் கதையில் நின்றது.

"அப்புறம் இன்னா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கேட்டார்.

கஸ்தூரி பாஷாவைப் பார்த்தார். பாஷா சொல்வதற்காக எழுந்தார். அஜ்மத் பேகம் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இருங்க" என்றார். "அவங்க சொல்லட்டும். நான் கேக்கணும்."

கஸ்தூரி மெதுவாகத் தொடர்ந்தார். பொண்ணு நல்லா தேறிட்டா, உயரமா வளந்துட்டா, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு காலேஜுக்குப் போறா என்று சொன்னார். சித்தூர்க்காரர்கள் போனை எடுத்தார்கள். அஜ்மத் பேகம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். டீ ஆறிப்போயிருந்தது. அதை இருவரும் குடிக்கவில்லை.